இருதய நாடியிலிருந்து கைநரம்புக்கு

மாரடைப்போடு வந்த நோயாளிக்கு 1970கள் வரை உலகின் எந்தப் பெரிய வைத்தியசாலையாலும் கொடுக்க முடிந்தது பெரும்பாலும் ஓய்வுதான். வலிக்கு மோர்பின், மூச்சுக்கு ஒட்சிசன், பிறகு வாரக்கணக்கில் கட்டில். 1960களில் இருதயத் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் தோன்றிய பின், துடிப்பு குழம்பிப்போனவரை மின்னதிர்ச்சி கொடுத்து மீட்க முடிந்தது. அதனால் தப்பியவர்கள் பலர். ஆனாலும் நெஞ்சுக்குள்ளே தசை செத்துக்கொண்டே போவதை நிறுத்த யாரிடமும் வழி இருக்கவில்லை. செத்தது போக மிஞ்சியதைப் பேணுவதே வைத்தியமாக இருந்தது.

இன்று இரத்மலானையிலிருந்து நெஞ்சு நோவோடு ஒருவரைக் களுபோவிலயில் உள்ள கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோனால், ஈ.சி.ஜி. தாள் கைக்கு வந்ததுமே வைத்தியர் முன் ஒரு கேள்வி நிற்கும். அடைப்பைக் கரைக்கும் மருந்தை இப்போதே ஏற்றுவதா, கதீற்றர் கூடத்தில் கம்பியும் பலூனும் கொண்டு நாடியைத் திறக்க ஏற்பாடு செய்வதா? இப்படியொரு தெரிவு வைத்தியருக்குக் கிடைத்ததற்கு, மருந்தைக் குழாய் வழியாக இருதய நாடிக்குள்ளேயே கொண்டுபோய் விட்டுப் பார்த்த சில ஆண்டுகள்தான் காரணம்.

இருதயம் நாள் முழுதும் குருதியை இறைத்தாலும், தன் அறைகளுக்குள் நிற்கும் குருதியிலிருந்து அதன் தசை பெறுவது மிகக் குறைவு. பெருநாடி புறப்படும் இடத்திலேயே கிளைத்து, இருதயத்தின் மேற்பரப்பில் படரும் முடியுரு நாடிகளே அதற்கு உணவூட்டுகின்றன. அகலம் மூன்று, நான்கு மில்லிமீற்றர். அவற்றின் உட்சுவரில் ஆண்டுக்கணக்காகக் கொழுப்புப் படிகிறது. பெரும்பாலானவர்களுக்கு அது தெரிவதே இல்லை. ஒரு நாள் அந்தப் படிவின் மெல்லிய மேலுறை கிழிகிறது. குருதிக்கு அது ஒரு காயம். சிறுதட்டுகள் ஓடிவந்து ஒட்டுகின்றன. திரோம்பின் என்ற நொதியம், குருதியில் கரைந்திருக்கும் பைபிரினோஜனைப் பைபிரின் இழைகளாக மாற்றுகிறது. இழைகளில் செங்குழியங்கள் சிக்க, கட்டி பெருத்து நாடியை அடைக்கிறது. விரல் வெட்டுப்பட்டால் நம்மைக் காப்பாற்றும் அதே ஏற்பாடு, மூன்று மில்லிமீற்றர் நாடிக்குள் நடக்கும்போது ஆளைக் கொல்கிறது.

அடைபட்ட நாடிக்குக் கீழே இருக்கும் தசை உடனே சாவதில்லை. ஏறத்தாழ அரை மணித்தியாலத்துக்குள் சாவு தொடங்கும். தொடங்குவது இருதயச் சுவரின் உட்பக்கத்தில். அங்கிருந்து மணித்தியாலக் கணக்கில் வெளிப்பக்கத்தை நோக்கி நகரும். அமெரிக்காவில் கீத் ரைமரும் ரொபர்ட் ஜெனிங்ஸும் 1970களில் நாய்களின் நாடிகளைக் கட்டியும் அவிழ்த்தும் இதைக் காட்டினார்கள். அடைப்பை எவ்வளவு முந்தி நீக்கினார்களோ, அவ்வளவு தசை பிழைத்தது. மாரடைப்புச் சிகிச்சையில் நேரத்தைப் பற்றி நாம் கேட்கும் அத்தனை பேச்சுக்கும் இதுதான் அடி.

ஆனால் அடைப்பை நீக்க வேண்டுமென்றால், அடைப்புத்தான் காரணம் என்பது முதலில் உறுதியாக வேண்டும். இன்று கேட்டால் வியப்பாக இருக்கும், அது நெடுங்காலம் உறுதியாக இருக்கவில்லை. சிக்காகோவின் ஜேம்ஸ் ஹெரிக் 1912இலேயே முடியுரு நாடியின் குருதிக்கட்டியையும் மாரடைப்பையும் இணைத்து எழுதினார். ஆனாலும் 1970களில்கூட மதிப்புமிக்க நோயியலாளர்கள் பலர் மறுத்தார்கள். இறந்தவர்களின் இருதயங்களை அறுத்துப் பார்த்தபோது எல்லாவற்றிலும் கட்டி இருக்கவில்லை. தசை செத்தபின் குருதி தேங்கித்தான் கட்டி உண்டாகிறது, அது காரணமல்ல, விளைவு என்றார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. அவர்கள் பார்த்தவை எல்லாம் மரணத்துக்குப் பிந்திய நாடிகள். மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும் உயிருள்ள மனிதரின் நாடிக்குள் அந்த நேரத்தில் எட்டிப்பார்க்க யாரும் துணியவில்லை.

கரைக்கும் மருந்து அதற்கு முன்பே வந்துவிட்டது. 1933இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரிலெற், தொண்டைப் புண்ணை உண்டாக்கும் ஸ்ரெப்டோகொக்கஸ் பற்றீரியாவைக் குருதித் திரவத்தோடு கலந்து பரிசோதித்துக்கொண்டிருந்தார். பற்றீரியா பைபிரினோஜனை ஈர்த்துவிடும், ஆகவே திரவம் உறையாது என்பது அவர் எண்ணம். உறைந்துவிட்டது. குழாய்களை ஒதுக்கி வைத்துவிட்டு, சிறிது நேரத்தின் பின் பார்த்தால், பற்றீரியா சேர்த்த குழாய்களில் உறைந்தது மறுபடி நீராகியிருந்தது. தன்னைச் சுற்றி உடல் எழுப்பும் உறைவு வேலியை உருக்கித் தப்புவதற்குப் பற்றீரியா சுரக்கும் பொருள் அது. பின்னர் அதற்கு ஸ்ரெப்டோகைனேஸ் என்று பெயர் வந்தது. தனியே அது எதையும் வெட்டாது. நம் குருதியிலேயே உறங்கிக் கிடக்கும் பிளாஸ்மினோஜனோடு சேர்ந்து, அதைப் பிளாஸ்மினாக எழுப்பிவிடுகிறது. பைபிரின் இழைகளை வெட்டுவது அந்தப் பிளாஸ்மின். கட்டியைக் கரைக்கும் ஆற்றல் நம் உடம்பிலேயே இருக்கிறது. பற்றீரியாவின் புரதம் அதை அவசரப்படுத்துகிறது.

ரிலெற்றும் அவருடைய மாணவர் சொல் ஷெரியும் 1940களின் கடைசியில் நுரையீரலைச் சுற்றித் தேங்கி உறைந்த குருதியையும் சீழையும் இதனால் கரைத்துக் காட்டினார்கள். 1958இல் ஷெரியும் பிளெச்சரும் மாரடைப்பு நோயாளிகளுக்குக் கைநாளத்தின் வழியே அதை ஏற்றினார்கள். பிறகு இருபது ஆண்டுகள் குழப்பம். ஒவ்வோர் ஆய்வும் ஒவ்வொரு பதில் சொன்னது. மருந்தின் அளவு ஓரிடத்தில் ஒன்று, இன்னோரிடத்தில் வேறு. சில நோயாளிகளுக்கு வலி தொடங்கி ஒரு நாள் கழித்துத்தான் மருந்து ஏறியது. மருந்து உள்ளே போய் என்ன செய்கிறது என்பதை யாரும் கண்ணால் காணவில்லை. கட்டி காரணமா விளைவா என்ற சண்டையும் ஓயவில்லை. நல்ல மருந்து ஒன்று சாட்சியில்லாமல் அலைந்தது.

சாட்சியைக் கொண்டுவந்தது கதீற்றர் என்ற மெல்லிய குழாய். அதன் வரலாற்றை இங்கே விரிக்க இடமில்லை. 1929இல் ஜேர்மனியின் எபர்ஸ்வால்டில் வேர்னர் போர்ஸ்மன் என்ற இளம் வைத்தியர் தன் கைநாளத்தின் வழியே தன் இருதயத்துக்குள் குழாயைச் செலுத்தி எக்ஸ்-றே எடுத்ததும், 1958இல் கிளீவ்லண்டில் மேசன் ஸோன்ஸ் தற்செயலாக முடியுரு நாடிக்குள் சாயம் பாய்ந்ததைக் கண்டு அஞ்சியோகிராமை உருவாக்கியதும் பலர் அறிந்தவை. ஆனால் அஞ்சியோகிராம் வந்து பதினைந்து ஆண்டுகள் கழிந்தும், மாரடைப்பின் நடுவே அதைச் செய்வது தற்கொலைக்கு ஒப்பானது என்றே இருதய வைத்தியர்கள் நம்பினார்கள்.

1975 ஜூனில் மொஸ்கோவில் யெவ்கேனி சாசோவ் அந்தத் தடையைத் தாண்டினார். மாரடைப்பு நோயாளி ஒருவரின் முடியுரு நாடிக்குள் கதீற்றரை நிறுத்தி, கட்டி கரைக்கும் மருந்தை அதன் வாசலிலேயே விட்டார். 1976இல் ரஷ்ய மொழிச் சஞ்சிகையில் அது வெளிவந்தது. மேற்கில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. குளிர்யுத்தக் காலத்தில் ஒரு நல்ல சிகிச்சை மொழியின் மதிலுக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கில் கிடந்ததை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. இதே சாசோவ்தான் பின்னாளில் அமெரிக்க இருதய வைத்தியர் பேர்னாட் லவுனோடு சேர்ந்து அணுவாயுதப் போருக்கு எதிரான வைத்தியர் இயக்கத்தை நிறுவியவர். அந்த இயக்கத்துக்கு 1985இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

ஜேர்மனியின் கொற்றிங்கனில் பீற்றர் றென்றொப் 1979இல் ஸ்ரெப்டோகைனேஸோடு அதே வேலையைச் செய்தார். அதற்குச் சற்று முன்னர் அவர் ஒரு மெல்லிய கம்பியால் அடைபட்ட நாடியைத் துளைத்துத் திறந்திருந்தார். இப்போது மருந்தைச் சொட்டுச் சொட்டாக நாடிக்குள் விட்டு, இடையிடையே சாயம் பாய்ச்சிப் படமெடுத்தார். முதற்படத்தில் நாடி ஓரிடத்தில் வெட்டியது போல நிற்கும். அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் கழித்து எடுத்த படத்தில் சாயம் அடைப்பைத் தாண்டி நுனி வரை ஓடும். அதே வேளை நோயாளியின் வலி தணியும். ஈ.சி.ஜி.யில் உயர்ந்திருந்த கோடு இறங்கும். கட்டியைக் கரைத்தால் மாரடைப்பு தணிகிறது என்பதைப் பார்த்தவர்களுக்கு, கட்டி காரணமா விளைவா என்ற கேள்வி அந்த அறையிலேயே முடிந்துபோனது.

மற்றவர்களுக்கு 1980இல் முடிந்தது. அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் மார்க்கஸ் டிவூட்டும் கூட்டாளிகளும் மாரடைப்பின் முதல் மணித்தியாலங்களிலேயே 322 பேருக்கு அஞ்சியோகிராம் செய்து வெளியிட்டார்கள். வலி தொடங்கி நான்கு மணித்தியாலத்துக்குள் பார்த்தவர்களில் 87 சதவீதத்தினரின் நாடி முற்றாக அடைபட்டிருந்தது. பன்னிரண்டு மணித்தியாலத்துக்குப் பின் பார்த்தவர்களில் அது 65 சதவீதமாகக் குறைந்திருந்தது. சிலரது உடம்பு தானாகவே கட்டியைக் கரைக்கத் தொடங்கிவிடுகிறது. இறந்த உடல்களில் நோயியலாளர்கள் கட்டியைக் காணாமற்போனதன் விடையும் இதிலேயே இருந்தது.

உயிர் பிழைப்பார்களா என்பதற்கு 1983இல் மேற்கு வொஷிங்டன் ஆய்வு பதில் தந்தது. 250 நோயாளிகளில் குழாய் வழி ஸ்ரெப்டோகைனேஸ் பெற்றவர்களில் முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் 3.7 சதவீதம். பெறாதவர்களில் 11.2 சதவீதம். பெரிய வெற்றி. ஆனால் அந்த ஆய்வில் மருந்து நாடியை அடைந்தது, வலி தொடங்கிச் சராசரியாக நாலரை மணித்தியாலம் கழித்து. கதீற்றர் கூடத்தைத் திறக்க வேண்டும், ஆட்களைக் கூப்பிட வேண்டும், தொடையில் துளையிட்டுக் குழாயை ஏற்ற வேண்டும். இத்தனையும் ஆகும்வரை தசை காத்திருக்காது. அன்று அத்தகைய கூடங்கள் இருந்த வைத்தியசாலைகளோ உலகத்திலேயே மிகச் சில.

இந்த இடத்தில் வைத்தியம் எடுத்த திருப்பத்தைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். குழாய் இல்லாமல் கரைக்க முடியாதா என்று கேட்டார்கள். நாடிக்குள் நேரே விடும்போது இரண்டு, மூன்று இலட்சம் அலகு போதுமாக இருந்தது. கைநாளத்தில் விட்டால் உடம்பின் மொத்தக் குருதியிலும் மருந்து கலந்துவிடும். ஆகவே பதினைந்து இலட்சம் அலகு, ஒரு மணித்தியாலத்துக்குள். இத்தாலியில் ஜிஸ்ஸி ஆய்வு 11,806 நோயாளிகளோடு 1986இல் வெளிவந்தது. மருந்து பெறாதவர்களில் 13 சதவீதம் இறந்தார்கள், பெற்றவர்களில் 10.7 சதவீதம். வலி தொடங்கி ஒரு மணித்தியாலத்துக்குள் மருந்து ஏறியவர்களில் மரணம் ஏறத்தாழப் பாதியானது. ஆறு மணித்தியாலம் கடந்து வந்தவர்களுக்கு அந்த ஆய்வில் பயன் தெரியவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து ஐசிஸ்-2 என்ற ஆய்வு, 417 வைத்தியசாலைகளில் 17,187 பேரைச் சேர்த்தது. எதுவும் பெறாதவர்களில் ஐந்து வாரங்களுக்குள் இருதய, குருதிக்குழாய்க் காரணங்களால் இறந்தவர்கள் 13.2 சதவீதம். ஸ்ரெப்டோகைனேஸும் சாதாரண அஸ்பிரினும் சேர்த்துப் பெற்றவர்களில் 8 சதவீதம்.

நாடிக்குள் போய்க் கண்டதை நம்பி, மருந்து மறுபடி கைநரம்புக்கு வந்தது. சேலைன் ஏற்றத் தெரிந்த தாதியும், ஈ.சி.ஜி. வாசிக்கத் தெரிந்த வைத்தியரும், மின்னதிர்ச்சிக் கருவியும் உள்ள எந்த வைத்தியசாலையும் மாரடைப்பை இடைமறிக்கலாம் என்றானது. இலங்கை போன்ற நாட்டுக்கு இது எவ்வளவு பெரிய கொடை என்பதை வரைபடத்தைப் பார்த்தால் தெரியும். முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை ஏறத்தாழ நூறு கிலோமீற்றர். மலையகத் தோட்ட லயம் ஒன்றிலிருந்து கண்டிக்கோ கொழும்புக்கோ உள்ள தூரத்தைக் கிலோமீற்றரில் சொல்வதில் அர்த்தமில்லை, வளைவுகளில்தான் சொல்ல வேண்டும். அந்த நோயாளியின் இருதயத்தைக் காப்பது அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் இலவசமாக ஏறும் மருந்துதான்.

மருந்துக்கும் குறைகள் உண்டு, அவற்றை மறைக்கக் கூடாது. எந்தக் கட்டி வேண்டியது, எது வேண்டாதது என்று ஸ்ரெப்டோகைனேஸுக்குத் தெரியாது. மூளையில் குருதிக்கசிவு என்ற ஆபத்து இருநூறு பேரில் ஒருவர் அளவில் இருக்கிறது. அதனால்தான் முன்பு மூளையில் கசிவு வந்தவருக்கும், அண்மையில் பெரிய சத்திரசிகிச்சை செய்தவருக்கும், வேறெங்காவது குருதி போய்க்கொண்டிருப்பவருக்கும் அதைக் கொடுப்பதில்லை. ஏறும்போது குருதி அழுத்தம் சடுதியாக விழலாம், ஒவ்வாமை வரலாம். எல்லா மாரடைப்புக்கும் இது பொருந்தாது. ஈ.சி.ஜி.யில் எஸ்.ரி. பகுதி உயர்ந்து காட்டும் வகைக்கே இது உதவும். நாடி முழுதாக அடைபடாத மற்ற வகைக்குக் கொடுத்தால் நன்மையில்லை, தீமை வரலாம்.

கட்டியின் வயதும் முக்கியம். புதிதாக உறைந்த எருமைத் தயிரைக் கரண்டி பட்டவுடன் குழைத்துவிடலாம்; சட்டியில் நாட்பட்டு நீர் வடிந்து இறுகியதை அப்படிச் செய்ய முடியாது. பைபிரின் இழைகளும் மணித்தியாலம் செல்லச் செல்ல ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகின்றன. அதே மருந்து இரண்டாவது மணித்தியாலத்தில் திறக்கும் நாடியைப் பத்தாவது மணித்தியாலத்தில் திறக்காமற்போவதற்கு இது ஒரு காரணம்.

ஸ்ரெப்டோகைனேஸுக்கு அடுத்து வந்தது நம் உடம்பே சுரக்கும் ரீ.பி.ஏ. என்ற பொருள். பெல்ஜியத்தின் லூவனில் டெசிரே கொலன் அதைப் பிரித்தெடுக்கும் வேலையில் முன்னின்றார். குருதியில் மிதக்கும் பிளாஸ்மினோஜனைவிடப் பைபிரின் மேல் ஒட்டியிருப்பதையே அது அதிகம் எழுப்பும். 1993இல் 41,021 பேரில் நடந்த கஸ்ரோ ஆய்வில் அதைப் பெற்றவர்களில் 6.3 சதவீதமும், ஸ்ரெப்டோகைனேஸ் பெற்றவர்களில் ஏழு சதவீதத்துக்குச் சற்று மேலும் இறந்தார்கள். வித்தியாசம் உண்மையானது, சிறியது. விலை வித்தியாசமோ மிகப் பெரியது. ரீ.பி.ஏ.யின் உருமாற்றமான ரெனெக்ரெப்லேஸ் சில விநாடிகளில் ஒரே ஊசியாகப் போய்விடும். ஒரு மணித்தியாலம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டியதை ஒரு ஊசியில் முடிப்பது, ஆள் குறைந்த இரவு வேளையில் எத்தனை பெரிய உதவி என்பதை அவசர சிகிச்சைப் பிரிவில் நின்றவர்கள் அறிவார்கள்.

இதற்கிடையில் கதீற்றர் தன் வழியில் வளர்ந்தது. 1977 செப்ரெம்பரில் சூரிச் நகரில் அன்ட்ரியாஸ் குறுன்சிக் பலூனால் முடியுரு நாடியை விரித்தார். பிறகு ஸ்ரென்ற் என்ற சிறு கம்பிவலைக் குழாய் வந்தது. அனுபவமுள்ள கூடத்துக்கு நோயாளி விரைவில் போய்ச் சேர முடியுமானால், மருந்தால் கரைப்பதைவிடப் பலூனாலும் ஸ்ரென்றாலும் திறப்பதே மேல் என்பது 2000களின் தொடக்கத்தில் தெளிவானது. கரைத்தாலும் கிழிந்த கொழுப்புப் படிவு அங்கேயேதான் இருக்கும், மறுபடி அடைக்கலாம். ஸ்ரென்ற் அதையும் சேர்த்துச் சரிசெய்கிறது.

அப்படியானால் ஸ்ரென்ற் வைக்கும்போதே குழாய் வழியாகச் சிறிது கரைப்பு மருந்தும் விட்டால்? பெரிய நாடி திறந்தும் அதற்குக் கீழே மயிர் போன்ற நுண்குழாய்களில் ஓட்டம் திரும்பாத நோயாளிகள் உண்டு. உடைந்த கட்டித் துணுக்குகள் அங்கே போய்ச் சிக்குகின்றன என்று எண்ணி, பிரித்தானியாவில் 440 நோயாளிகளின் நாடிக்குள் குறைந்த அளவு ரீ.பி.ஏ.யையோ வெறும் திரவத்தையோ விட்டுப் பார்த்தார்கள். 2019இல் வெளிவந்த முடிவு: பயனில்லை. அந்த அடைப்பில் கட்டித் துணுக்கு ஒரு பங்குதான். வீங்கிய செல்களும் கசிந்த குருதியும் மீதி. கட்டியைக் குழாயால் உறிஞ்சி எடுக்கும் முறையும் பல்லாயிரம் பேரில் சோதித்தபின் எல்லோருக்கும் உரிய வழக்கம் என்ற இடத்தை இழந்தது. பெரிய கட்டி நாடியை நிறைத்து நிற்கும் சில நோயாளிகளுக்கு, மேசையில் நிற்கும் வைத்தியரின் தீர்ப்பின்படி, குழாய் வழி மருந்து இன்றும் கொடுக்கப்படுகிறது. 1979இல் அது நின்ற நடுமேடை இப்போது அதற்கு இல்லை.

இன்று பலருக்கு ஏற்ற வழி இரண்டையும் இணைப்பது. 2013இல் வெளிவந்த ஸ்ரீம் ஆய்வு, ஒரு மணித்தியாலத்துக்குள் பலூன் சிகிச்சை கிடைக்க வாய்ப்பில்லாத 1,892 பேரை எடுத்தது. உடனே ரெனெக்ரெப்லேஸ் கொடுத்துப் பின்னர் அஞ்சியோகிராம் செய்ததும், நேரே பலூனுக்குக் கொண்டுபோனதும் ஏறத்தாழ ஒரே பலனைத் தந்தன. தமிழ்நாட்டில் இந்த எண்ணத்தை ஓர் ஒழுங்காகவே நடத்திக் காட்டினார்கள். கோயம்புத்தூரின் தோமஸ் அலெக்சாண்டரும் சென்னையின் அஜித் முள்ளசாரியும் முன்னின்ற திட்டத்தில், சிறு வைத்தியசாலைகள் சில ஒரு பெரிய கதீற்றர் மையத்தோடு இணைக்கப்பட்டன. ஈ.சி.ஜி. தொலைவிலிருந்தே மையத்துக்குப் போனது. தூரத்தில் இருப்பவருக்கு அங்கேயே மருந்து, பிறகு அம்புலன்ஸில் மையத்துக்கு. 2,420 நோயாளிகளைப் பார்த்தபோது, ஓராண்டுக்குள் இறப்போர் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். புதிய மருந்தோ புதிய கருவியோ அதற்குத் தேவைப்படவில்லை.

இரத்மலானைக்காரர் முல்லைத்தீவுக்காரரைவிடக் கொடுத்துவைத்தவர். போதனா வைத்தியசாலை பக்கத்தில், கொழும்புத் தேசிய வைத்தியசாலையின் இருதய சிகிச்சை நிறுவகம் காலி வீதி வழியாக எட்டும் தூரத்தில். ஆனால் மாரடைப்பு எந்த நேரமும் ஒரே அளவில் வருவதில்லை. 1985இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் முல்லரின் குழு கணக்கெடுத்தபோது, காலை ஒன்பது மணிக்குத் தொடங்கும் மாரடைப்புகள் இரவு பதினொரு மணிக்குத் தொடங்குபவற்றைப் போல மூன்று மடங்காக இருந்தன. காலை ஒன்பது மணிக்குக் கல்கிசையையும் தெஹிவளையையும் தாண்டிக் கோட்டைப் பக்கம் போகும் காலி வீதி எப்படியிருக்கும் என்பதை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

அதைவிடப் பெரிய தாமதம் வீட்டுக்குள் நடக்கிறது. வாயுவென்று இஞ்சித் தண்ணி, சித்தாலேப தடவல், பனடோல், சாய்ந்து படுத்துப் பார்ப்பது, மகன் வேலையால் வரட்டும் என்று பொறுப்பது. நீரிழிவுக்காரருக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் வலி தெளிவாக வராமல், வியர்வை, மூச்சு முட்டல், வாந்தி, தாடை நோவு என்று வருவதால் இன்னும் கூடுதல் தாமதம். ஜிஸ்ஸி ஆய்வின் அந்தப் பாதி மரணம் முதல் மணித்தியாலத்துக்குள் வந்தவர்களிடம்தான் குறைந்தது என்பதை ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவர் அறிந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். முச்சக்கர வண்டியில் நோயாளியை ஏற்றி ஒரு தனியார் மருத்துவரின் திண்ணையில் காக்க வைப்பதைவிட 1990ஐ அழைப்பது எத்தனையோ மேல். 2016 ஜூலையில் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பின்னர் நாடெங்கும் விரிந்த சுவசெரிய அம்புலன்ஸ் சேவை அது, பணம் வாங்குவதில்லை. வழியில் இருதயம் நின்றால் அதை மறுபடி ஓட்டத் தெரிந்தவர்கள் அதில் வருகிறார்கள்.

அவசர சிகிச்சைப் பிரிவில் வைத்தியருக்கு முதலில் தேவைப்படுவது, வலி சரியாக எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பது. அடுத்து, பக்கவாதம், சத்திரசிகிச்சை, குருதிக்கசிவு, குருதி உறையாமல் இருக்க எடுக்கும் குளிசைகள் பற்றிய விபரம். மருந்து ஏறி ஒன்று, ஒன்றரை மணித்தியாலத்தில் மறுபடி ஈ.சி.ஜி. எடுப்பார்கள். உயர்ந்திருந்த கோடு பாதியாவது இறங்கியிருந்தால் நாடி திறந்திருக்கும். இறங்காவிட்டால் தாமதமின்றிக் கதீற்றர் கூடத்துக்கு. இறங்கியவருக்கும் அடுத்த ஒரு நாளுக்குள் அஞ்சியோகிராம் செய்துவிடுவது நல்லது. வலி போய்விட்டது, வீட்டுக்குப் போகலாம் என்று கையெழுத்திட்டு வெளியேறுபவர்கள் கிழிந்த படிவோடுதான் வெளியேறுகிறார்கள்.

ஸ்ரெப்டோகைனேஸ் பெற்றவரின் குருதியில் அதற்கு எதிரான பிறபொருளெதிரிகள் ஆண்டுக்கணக்கில் நிற்கும். இரண்டாம் முறை கொடுத்தால் மருந்து வேலை செய்யாமற்போகலாம், ஒவ்வாமை கடுமையாகலாம். எனவே மருந்தின் பெயரையும் ஏற்றிய திகதியையும் வைத்தியசாலை தரும் அட்டையில் எழுதி வாங்கி, அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறை வேறொரு வைத்தியசாலையில், வேறொரு வைத்தியர் அந்தத் திகதியைப் பார்த்துத்தான் ரெனெக்ரெப்லேஸைக் கேட்டு எடுப்பார்.